ஆடுகள் குட்டி போட்டு முடியட்டும்

கார்டிஃப்,
ஜனவரி 12

அன்பு எம்லின்,

நலமா? சாப்பிடுகிறாயா? இருமல் விட்டதா? நான் நலம் என்று எழுதுவதுதான் முறை, எழுதிவிட்டேன். இங்கே மழை நின்றபாடில்லை. சட்டமன்ற ஜன்னலிலிருந்து பார்த்தால் கடலும் வானமும் ஒரே சாம்பல்.

போனில் பேச வேண்டாம் என்றாய். பின்னால் வரிசை நிற்கிறது, நீ வெல்ஷில் வாயைத் திறந்தால் ஆடு மாதிரி கத்திக் காட்டுகிறார்கள் என்றாய். சரி, எழுதுகிறேன். உன் அம்மா வாய்க்காரி. மேடையில் விட்டால் நிறுத்தத் தெரியாது. காகிதத்தைக் கண்டால்தான் கை ஓடவில்லை.

பார்வையாளர் பட்டியலில் என் பெயரை நீ ஏன் இன்னும் கொடுக்கவில்லை? "பையனே பேரைக் கொடுத்தாத்தான் மேடம் விட முடியும்" என்று இரண்டு முறை சொல்லிவிட்டார்கள். போன ஞாயிற்றுக்கிழமை வெல்ஷ் எல்லை தாண்டி நான்கு மணி நேரம் கார் ஓட்டிக்கொண்டு வந்து, வேலிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுத் திரும்பினேன். உன்னிடம் சொல்லக் கூடாது என்றிருந்தேன். சொல்லிவிட்டேன்.

மே ஒன்பதாம் தேதி உனக்குப் பதினெட்டு வயது. அன்றோடு உன்னைப் பெரியவர்கள் சிறைக்கு மாற்றுவார்கள். அது இன்னும் கிழக்கே, இன்னும் தூரம். அங்கே இருப்பவர்கள் உன் வயதுப் பிள்ளைகள் இல்லை. அதற்குள் மேல்முறையீடு செய்து உன்னை வெளியே கொண்டுவந்துவிட வேண்டும் என்பது ஒன்றுதான் இப்போது என் தலைக்குள் ஓடுகிறது. வழக்கறிஞர் அம்மாள் உதட்டைப் பிதுக்குகிறார். "புதுசா ஏதாவது சொன்னாத்தான் வழி. பையன் எதையோ முழுங்கறான், நெஸ்டா" என்கிறார்.

எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. நீ டிராக்டர் ஓட்டி நான் பார்த்திருக்கிறேன். பாதையில் வாத்து வந்தால் இன்ஜினை அணைத்துவிட்டுக் காத்திருக்கிறவன் நீ. மலைமேல் மின்கோபுரம் நட மண் பார்க்க வந்த கம்பெனியின் துளை போடும் வண்டியை டிராக்டரால் சரிவில் தள்ளியதும், அதோடு உருண்ட காவல் கூண்டுக்குள் காவலாளி மெர்வினின் காலை நொறுக்கியதும் நீதான் என்று நீயே சொன்னாய். சொன்ன பிறகும் நம்ப முடியவில்லை. டவர் வேண்டாம், கம்பியை மண்ணுக்கடியில் கொண்டுபோ என்று ஊர் ஊராகக் கத்தியவள் நான். தள்ளப் போனவன் நீயா?

பண்ணையில் கெத்தின் மாமா ஒற்றை ஆளாக அல்லாடுகிறான். காரிஸ் அத்தைக்கு அடுத்த மாதம் பிரசவம். ஒன்பது வருஷம் காத்து, மூன்று தடவை கலைந்து, இந்த முறை தங்கியிருக்கிறது. உன் பெயரை எடுத்தாலே அவள் கண் கலங்குகிறாள். மாமா உன்னைப் பற்றி எதுவும் கேட்பதில்லை.

என் பெயரைக் கொடு.

உன் நினைப்பாகவே,
அம்மா


பிப்ரவரி 6

அன்பு அம்மா,

நான் நலம். நீயும் நலமாக இருப்பாய். இருமல் விட்டது. விடாவிட்டால் பக்கத்து அறை கீரன் சுவரை உடைத்திருப்பான்.

உன் கடிதம் நேற்றுத்தான் கைக்கு வந்தது. வெல்ஷ் படிக்கத் தெரிந்தவர் இந்தக் கட்டடத்தில் ஒருவர்கூட இல்லையாம். எங்கோ அனுப்பி, யாரோ ஒரு அம்மையார் படித்து, ஆபத்தில்லை என்று எழுதிக் கொடுத்த பிறகுதான் எனக்குத் தருவார்கள். நான் எழுதுவதும் அப்படித்தான் போகும். முகம் தெரியாத அந்த அம்மையாருக்கும் என் வணக்கம். கைகால் சுகமா, அம்மையாரே?

இங்கே சக்டென் என்று ஒரு காவலர். நல்ல மனுஷர்தான். "இங்கிலீஷ்ல எழுதச் சொல்லு தம்பி, ரெண்டே நாள்ல கொண்டாந்து தர்றேன்" என்கிறார். "எங்க அம்மாகிட்ட நான் இங்கிலீஷ்ல பேசினதே இல்ல சார்" என்றேன். "ஏன், அவங்களுக்கு வராதா?" என்று கேட்டார். டிவி பக்கம் கையைக் காட்டினேன். அன்றைக்கென்று செய்தியில் நீ டவரைப் பற்றி ஒரு அமைச்சரை வாங்கு வாங்கென்று வாங்கிக்கொண்டிருந்தாய். பச்சைக் கோட்டு போட்டிருந்தாய். மெலிந்திருக்கிறாய்.

கீரன் லிவர்பூல்காரன். உன்னைப் பார்த்ததும் ஆரம்பித்துவிட்டான். "உங்க அம்மா மந்திரியாமேடா, ஒரு போன் போட்டா விட்டுட மாட்டாங்க?"

"மந்திரி இல்லடா, வெறும் உறுப்பினர். ஜெயிலெல்லாம் அவங்க கையில இல்ல, லண்டன் கையில இருக்கு."

"அந்த டவரு?"

"அதுவும் லண்டன்தான்."

"அப்ப எதுக்குடா உங்க அம்மா அங்க போய் உக்காந்திருக்காங்க?"

இதற்குப் பதிலை நீயே எழுது, வாசித்துக் காட்டுகிறேன்.

வழக்கு முடிந்துபோன விஷயம். நான் செய்தேன், நவம்பர் வரை இருப்பேன், அவ்வளவுதான். வழக்கறிஞருக்குப் பணம் கொட்டாதே. தாத்தா எனக்கு எழுதி வைத்த டிராக்டரைப் போலீஸ் திருப்பிக் கொடுத்துவிட்டதா? கொடுத்திருந்தால் வாரம் ஒரு தடவை ஸ்டார்ட் செய்யச் சொல். குளிரில் பேட்டரி செத்துவிடும்.

அத்தையை மாடிப்படி ஏற விடாதீர்கள். மாமாவிடம் நான் கேட்டதாகச் சொல்.

இங்கே வராதே. உன்மேல் கோபமெல்லாம் இல்லை. உன் முகத்தை நேரில் பார்த்தால்… வேண்டாம், வராதே.

என்றும் உன்,
எம்லின்


கார்டிஃப்,
பிப்ரவரி 20

அன்பு எம்லின்,

உன் கடிதம் நேற்று கிடைத்தது. நலமாயிரு. குளிருக்கு உள்ளே இரண்டு சட்டை போட்டுக்கொள். காரிஸுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. மாலி என்று பெயர். தாயும் பிள்ளையும் சுகம். தலை நிறைய முடி. அழுதால் கொட்டகை வரைக்கும் கேட்கிறது.

கீரனிடம் சொல்: பிள்ளைகளை எங்கே அடைப்பது என்பது என் கையில் இல்லை, டவரை எங்கே நடுவது என்பதும் இல்லை. ஏன் என்று கேட்கிற வாய் மட்டும் இருக்கிறது. அதற்குத்தான் சம்பளம்.

அந்த வாய் நேற்று என்ன செய்தது, கேள். உங்களைப் போன்ற பிள்ளைகளைப் பற்றி விசாரிக்கிற குழு கூடியிருந்தது. லண்டனிலிருந்து வந்த அதிகாரி எனக்குப் பக்கத்து நாற்காலி. என் பேனாவில் மை தீர்ந்துவிட்டது. அவருடையதைக் கேட்டேன், ஆங்கிலத்தில். "உங்க பேனாவைக் கொஞ்சம் எனக்கு இரவல் வாங்குங்க" என்று கேட்டுத் தொலைத்தேன். "யாருகிட்டேருந்து வாங்கணும் மேடம்?" என்றார் அவர். மேசை முழுக்கச் சிரிப்பு. இருபது வருஷமாக அந்த மொழியில் மேடையேறுகிறவள் நான்.

நம் மொழியில் பென்திக் என்று ஒரே சொல். இரவல் கொடுத்தாலும் அதுதான், வாங்கினாலும் அதுதான். ஆங்கிலத்தில் கொடுப்பதற்கு ஒரு சொல், வாங்குவதற்கு வேறு சொல். மலைக்காட்டுப் பிள்ளைகள் எல்லாரும் வழுக்கி விழுவது அங்கேதான். கோபத்திலோ பயத்திலோ பேசினால் கட்டாயம் விழுவோம்.

நானும் சேர்ந்து சிரித்திருக்க வேண்டும். சிரிப்பு வரவில்லை. எழுந்து வெளியே போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். நீதிமன்றத்தில் உன் வாக்குமூலத்தை வாசித்தது அப்படியே காதில் கேட்டது.

இதற்கு மேல் எழுத மாட்டேன். முகம் தெரியாத அம்மையார் படிக்கிறார். உனக்குப் புரியும்.

என் கண்ணே, எனக்கு உன்னைப் பார்க்க வேண்டும். பட்டியலில் பெயரைக் கொடு.

அம்மா


கார்டிஃப்,
பிப்ரவரி 21

தம்பி கெத்தின்,

நலமா? காரிஸுக்குப் பால் நன்றாக ஊறுகிறதா? மாலி இரவில் தூங்குகிறாளா? இந்த வாரக் கடைசியில் நான் அங்கே வரவில்லை. வந்தால் காரிஸ் முன்னால் முகத்தை வைத்துக்கொள்ள எனக்குத் தெரியாது. நீயும் போனை எடுப்பதில்லை. அதனால் எழுதுகிறேன்.

எம்லின் போலீஸிடம் ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் சொன்னான். நம் ஊர் ஆங்கிலம். கெத்தினுக்கு டிராக்டரை இரவல் கொடுத்தேன் என்ற உண்மைதான் பயத்தில் அவன் வாய்க்கு வந்தது. வாங்கினேன் என்கிற சொல்லைப் போட்டுவிட்டான். போலீஸ்காரர் அதைத் திருத்தி, கெத்தினிடமிருந்து வாங்கினேன் என்று ஆக்கிவிட்டார். பிள்ளைக்கு அந்த நிமிஷமே புரிந்திருக்கும். வழி தானாகத் திறந்தது, அதற்குள் நுழைந்துகொண்டான். நீதிபதி "மாமாவிடமிருந்து, அப்படித்தானே?" என்று கேட்டபோது நானும் உட்கார்ந்து தலையாட்டினேன். நம் மொழிக்காக ஊரெல்லாம் பேசுகிறவள் தலையாட்டினேன், கெத்தின்.

அது அப்பா அவன் பெயருக்கு எழுதி வைத்த டிராக்டர். தன் டிராக்டரை எவனாவது இரவல் வாங்குவானா? இது எனக்கு உறைக்க நான்கு மாதம் ஆகியிருக்கிறது.

அன்று சாயங்காலம் ஓட்டியது நீ.

மே ஒன்பதாம் தேதி அவனைப் பெரியவர்கள் சிறைக்கு மாற்றுகிறார்கள். போன் செய்யாதே. உன் குரலைக் கேட்டால் நான் இளகிவிடுவேன். எழுது.

அக்கா


பண்ணையிலிருந்து,
மார்ச் 8

அக்காவுக்கு,

நலம். நீயும் நலமாயிருக்க வேண்டும். காற்று வடக்கிலிருந்து அடிக்கிறது. வைக்கோல் மாதக் கடைசி வரை வரும்.

நீ எழுதியது சரி.

அன்று ஊர் அரங்கத்தில் நீ பேசினாய். "இந்த மலையில டவரோட ஒரு காலைக்கூட ஊன விட மாட்டோம்" என்றாய். எல்லாரும் எழுந்து நின்று தட்டினோம். நானும்தான். அடுத்த நாள் மலைமேல் அந்த வண்டி வந்து நிற்கிறது. என் டிராக்டர் பழுது. எம்லினிடம் சாவி கேட்டேன், கொடுத்தான். எதற்கு என்று அவன் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கூண்டில் ஆள் இருந்தது எனக்குத் தெரியாது. விளக்கு இல்லை, சத்தம் இல்லை. சத்தியமாகத் தெரியாது.

மெர்வினை நான்தான் வெளியே இழுத்தேன். அவர் மயக்கத்தில் இருந்தார். ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து, போலீஸுக்குப் போகக் கிளம்பினேன். எம்லின் வாசலை மறித்துக்கொண்டு நின்றான். "நீங்க போனா அத்தைக்கு இந்தத் தடவையும் தங்காது மாமா. நான் சின்னப் பையன், திட்டி அனுப்பிடுவாங்க" என்றான். மாடியில் காரிஸ் படுத்திருந்தாள். டாக்டர் எழுந்திருக்கவே கூடாது என்று சொல்லியிருந்த வாரம் அது. நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அப்புறம் எழுந்திருக்கவே இல்லை என்று வைத்துக்கொள்.

திட்டி அனுப்பவில்லை. உனக்குத் தெரியும்.

காரிஸுக்கு ஒன்றும் தெரியாது. நான் சொல்லிவிடுகிறேன், போலீஸுக்கும் போகிறேன். ஒன்று மட்டும் கொடு. இரண்டு வாரத்தில் ஆடுகள் குட்டி போட ஆரம்பிக்கும். நானூறு ஆடு, வேறு ஆள் கிடையாது. இப்போது போனால் பாதி செத்துப்போகும், பண்ணையும் அதோடு போகும். ஆடுகள் குட்டி போட்டு முடியட்டும்.

கெத்தின்


கார்டிஃப்,
மார்ச் 12

கெத்தின்,

குழந்தை நலமென்று நம்புகிறேன்.

உன் கடிதத்தைக் கிழித்துப் போட்டேன். பிறகு குப்பையிலிருந்து எடுத்து ஒட்டி மறுபடி படித்தேன். உன்னை அடிக்க வேண்டும் போல் இருக்கிறது. சின்ன வயதில் ஓடையில் தள்ளியது போதவில்லை.

சரி. ஆடுகள் குட்டி போட்டு முடியட்டும். ஆனால் மே ஒன்பதுக்கு முன்னால். மலை மேல் பனி கொட்டினாலும் முன்னால்.

என் வாய் ஆரம்பித்ததை உன் கை முடித்தது, அந்தக் கடனுக்காக நான் காத்திருக்கிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே. பிறந்ததும் பார்க்க வந்தபோது மாலி என் விரலைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. அதனால்தான்.

அக்கா


மார்ச் 23

அன்பு அம்மா,

நான் நலம். மாலிக்கு என் முத்தம். தலை நிறைய முடி என்றால் அத்தை சாடை. மாமா தலையில் ஏது?

உன் பேனாக் கதை வந்து சேர்ந்தது. கீரனுக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். "இவ்ளோ சின்ன விஷயத்துக்கே உங்களுக்கு வார்த்தை பத்தலையா?" என்றான். "எங்க ஊர்ல குடுக்கறதும் வாங்கறதும் ஒரே வீட்டுக்குள்ள, அதான் ஒண்ணு போதும்" என்றேன். நல்ல பதில் இல்லையா? உன் பிள்ளை.

மற்றதை நீ தப்பாகப் புரிந்துகொண்டிருக்கலாம். விட்டுவிடு, அம்மா. கெஞ்சிக் கேட்கிறேன்.

நேற்று வெளிச்சாலையில் ஆட்டு லாரி ஒன்று நெரிசலில் மாட்டிக்கொண்டு நின்றது. கண்ணுக்குத் தெரியவில்லை, வாடை மட்டும் வந்தது. ஈரக் கம்பளி வாடை. கீரன் மூக்கைப் பொத்திக்கொண்டு கத்தினான். லாரி போகும் வரைக்கும் நான் ஜன்னலை விட்டு நகரவில்லை. போன பிறகும் கொஞ்ச நேரம் நின்றேன். கண்ணில் தண்ணீர் வந்தது. வாடையால் என்று கீரனிடம் சொன்னேன்.

குட்டி போடுகிற நேரம். மாமாவுக்குக் கைக்கு யார் இருக்கிறார்கள்? கால் மாறி வருகிற குட்டியை என் கை அளவுக்கு வேறு கை எடுக்காது என்று அவரே சொல்வார். அவர் கை பெரிது.

எழுது. மூன்று வாரம் ஆனாலும் எழுது.

எம்லின்


கார்டிஃப்,
ஏப்ரல் 9

அன்பு எம்லின்,

நலமா? உடம்பைப் பார்த்துக்கொள். இங்கே வெயில் வந்துவிட்டது. கடற்கரையில் ஜனங்கள் ஐஸ்கிரீமோடு நடக்கிறார்கள். பார்த்தால் எரிச்சலாக இருக்கிறது.

ஈஸ்டர் விடுமுறையில் பண்ணைக்குப் போனேன். உன் கையில்லை, அதனால் என் கை. மாமாவும் நானும் கொட்டகையில் பக்கத்துப் பக்கத்தில் மண்டியிட்டபடியே நான்கு நாள். நூற்றுப் பத்து குட்டி, ஏழு செத்துப்போயிற்று, ஒரே ஒரு மூன்று குட்டிப் பிரசவம். பேசியதெல்லாம் ஆட்டைப் பற்றித்தான். "அயோடின் எங்கே", "பாலைக் கொஞ்சம் சூடு பண்ணு", இவ்வளவுதான். உன் டிராக்டரை ஸ்டார்ட் செய்தேன். சாவியைத் திருப்பியதும் கிளம்பிவிட்டது.

நேற்று சபையில் எனக்கு நான்கு நிமிஷம் கொடுத்தார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் வைத்திருக்கிற நம் பிள்ளைகளைப் பற்றிப் பேசினேன். தாய் எழுதுகிற கடிதம் பிள்ளை கைக்குப் போக மூன்று வாரம் என்றேன். யார் பிள்ளை என்று சொல்லவில்லை, எல்லாருக்கும் தெரியும். எதிர்வரிசையிலிருந்து ஒருவர், "முதல்ல உங்க வீட்டைப் பாருங்கம்மா" என்று முனகினார். "பாக்கத்தான் கேக்கறேன், விட மாட்டேங்கறாங்களே" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. பேச வேண்டிய மீதியை நான் பேசவில்லை. உட்கார்ந்துவிட்டேன்.

மெர்வினைப் போய்ப் பார்த்தேன். ஊன்றுகோலோடுதான் நடக்கிறார். டீ போட்டுக் கொடுத்தார். "டவர் வந்தா என்ன, வராட்டி என்ன, எனக்கு இனிமே ஏணி ஏற முடியாது" என்றார். குடிக்க முடியவில்லை.

உன் அறைக் கட்டிலை வெயிலில் போட்டு எடுத்தேன். தலையணையில் உன் வாடை இன்னும் கொஞ்சம் இருக்கிறது. உறையைத் துவைக்கவில்லை.

பெயரைக் கொடு, எம்லின். பேச வேண்டாம். உட்கார்ந்துவிட்டு வந்துவிடுகிறேன்.

அம்மா


பண்ணையிலிருந்து,
ஏப்ரல் 26

அக்காவுக்கு,

நலம். திங்கட்கிழமை மேல்மலையில் பனி விழுந்தது. இந்த மாதத்தில் இப்படி விழுந்து அப்பா காலத்தில்கூட நான் பார்க்கவில்லை. முப்பது குட்டி போயிற்று. இன்னும் அறுபது ஆடு பாக்கி.

மாலி சிரிக்க ஆரம்பித்திருக்கிறாள். என்னைப் பார்த்தால்தான் சிரிக்கிறாள், காரிஸுக்குப் பொறாமை.

காரிஸிடம் இரண்டு தடவை வாயெடுத்தேன். வரவில்லை.

மே ஒன்பது நினைவிருக்கிறது. மறக்கவில்லை. ஆனால் அக்கா, ஒரு பத்து நாள் கூடக் கொடுத்தால் கடைசி ஆடு வரைக்கும் முடித்துவிடுவேன். பெரிய இடத்துக்கு மாற்றினாலும் சில நாள்தானே. நான் போய்ச் சொன்னதும் விட்டுவிடுவார்கள்.

பதில் எழுது.

கெத்தின்


மே 4

அன்பு அம்மா,

நலமா? நான் நலம் என்று இந்தத் தடவை எழுதவில்லை.

ஆங்கிலத்தில் எழுதுகிறேன். சக்டென் பார்த்துவிட்டு, "கடைசில வழிக்கு வந்துட்டியே தம்பி" என்றார். எழுத எழுத உன்னிடம் பேசுகிற மாதிரியே இல்லை. இந்த மொழியில் உன்னைக் கூப்பிடவும் சக்டெனைக் கூப்பிடவும் நீதிபதியைக் கூப்பிடவும் 'யூ' என்று ஒரே சொல். ஆனால் இரண்டு நாளில் வந்துவிடும். நம் மொழியில் எழுதினால் உனக்குக் கிடைக்கும்போது நான் இங்கே இருக்க மாட்டேன். மூட்டை கட்டிவைக்கச் சொல்லிவிட்டார்கள்.

டிராக்டரை நான் கெத்தின் மாமாவுக்கு இரவல் கொடுத்தேன். சரியான சொல்லைத்தான் போட்டிருக்கிறேன், சக்டெனிடம் கேட்டுக்கொண்டேன். ஓட்டியது நான் இல்லை. இங்கே இருப்பவர்கள் படிப்பார்கள் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். காலையில் வழக்கறிஞரிடமும் போனில் சொல்லிவிட்டேன். அவர் "இப்பவாவது சொன்னியே" என்றார்.

நவம்பர் வரைக்கும் தாங்கிவிடலாம் என்று நினைத்தேன். மாலி பிறந்ததும் இன்னும் சுலபம் என்று நினைத்தேன். முடியவில்லை. பெரியவர்கள் இடத்துக்குப் போக எனக்குப் பயமாக இருக்கிறது. வீட்டுக்கு வர வேண்டும், அம்மா. இதை எழுதிவிட்டு அழுகிறேன், கீரன் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டான்.

போலீஸ் போய்க் கதவைத் தட்டுவதற்கு முன்னால் நீ போய் அத்தையிடம் சொல்லிவிடு. மாமா சொல்ல மாட்டார். அவருக்கு வராது.

ஒன்று சொல்ல வேண்டும். உன் பேனாக் கடிதம் வந்த அன்றே உனக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்குத் தெரியும். விட்டுவிடு என்று எழுதினேன், மனசாரத்தான் எழுதினேன். ஆனால் அதற்கு அப்புறம் தினமும் காலையில் கதவைத் திறக்கும்போது, "எம்லின், ஆபீஸுக்கு வா, உங்க அம்மா சொல்லிட்டாங்க" என்று யாராவது வந்து கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தேன். ஒரு நாள் சக்டென் சும்மா பெயரைக் கூப்பிட்டதற்கு எழுந்து சட்டையை மாற்றிக்கொண்டு நின்றேன். சாக்ஸ் கணக்கு எடுக்க வந்திருந்தார்.

உன் ஏப்ரல் கடிதம் போன வாரம் வந்தது. கொட்டகையில் மாமா பக்கத்தில் நான்கு நாள் இருந்திருக்கிறாய். எத்தனை குட்டி பிறந்தது, எத்தனை செத்தது என்றெல்லாம் எழுதியிருந்தாய். அதைப் படித்து முடித்ததும் காத்திருப்பதை நிறுத்திவிட்டேன்.

கோபமில்லை என்று எழுதலாம். இந்த மொழியில் அது சுலபமாக வருகிறது. எழுதவில்லை. கோபம்தான். ஆனாலும் அதைவிட உன்னைப் பார்க்க வேண்டும் என்பதுதான் பெரிதாக இருக்கிறது.

உன் பெயரைப் பட்டியலில் கொடுத்துவிட்டேன். புதன்கிழமை இரண்டு மணி. நம் மொழியிலேயே பேசலாம், யாருக்குப் புரியாவிட்டால் என்ன. வருகிற வழியில் காரில் என்ன சொல்வது, எப்படி ஆரம்பிப்பது என்று பேச்சுத் தயார் செய்துகொண்டு வராதே. உன்னை எனக்குத் தெரியும். ஒன்றும் தயார் செய்யாமல் வா.

எம்லின்